முப்பத்தொண்ணாம் நம்பர்

விடிந்து கொஞ்ச நேரத்துக்குள்ளேயே சுப்பாத்தாள் அண்ணன் வீட்டுக்கும் தார்ரோட்டுக்குமாக நாலு நடை நடந்துவிட்டாள். வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு கடலைக்காடு, அதைத் தாண்டி ஒரு கிளுவை வேலி, அவ்வளவுதான். வேலிக் கடவில் நின்றால் மேற்கே அரை மைல் தூரத்துக்கு ரோடு தெரியும். ஆடி மாதக் கடைசி. பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வருகிற மேகாற்று விஜயமங்கலத்துப் புளியமரங்களையெல்லாம் ஈரோட்டுப் பக்கமாக வளைத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு அவள் மேற்கே பார்ப்பதும், ஒன்றும் தெரியாமல் திரும்புவதுமாக இருந்தாள்.

"சித்த சும்மா இருக்க மாட்டியா அம்மணி? நீ போயிப் போயிப் பாத்தா சைக்கிளு வெரசலா வந்துருமாக்கும்?" என்றான் அண்ணன் கருப்புசாமி. அவன் எருமைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

"டீக்கடைக் கடியாரத்துல ஏழே கால் ஆயிப்போச்சுங்ணா. அஞ்சு மணிக்குக் கொடி அசைச்சா ஏழரைக்கு முன்னாடி மொத ஆளு இங்க வந்துருவாருன்னு நாகூர் மீரான் பாய் சொன்னாருங்க."

"அதாரு பாயி?"

"பீளமேட்டுல சைக்கிள் கடை வெச்சிருக்கறவருங்க. பந்தயம் நடத்தறதுல அவரும் ஒரு ஆளு. உங்க மாப்பிள்ளை வண்டியைக் கழட்டிப் பூட்டிக் குடுத்தவரு அவருதானுங்க."

"ஈரோட்டுக்குப் போறதுன்னா பஸ்ஸு இருக்குது, ரயிலு இருக்குது. அங்க ஒரு வேலை இருந்தாலும் சரி. போன காலோட திரும்பி வர்றதுக்கு எதுக்கு இத்தனை பாடு?" என்று எருமையிடம் கேட்பதுபோலக் கேட்டான் கருப்புசாமி.

ஐந்து வருடமாக அவளும் கேட்டுப் பார்த்த கேள்விதான் அது.

சுதந்திர தினத்துக்கு மில்லெல்லாம் விடுமுறை. அன்றைக்குப் பீளமேட்டு மைதானத்தில் புறப்பட்டு, ஈரோடு போய், அங்கே மேசை போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்குள் திரும்பி வர வேண்டும். நூற்றுப் பதினாலு மைல். மில் ஆட்கள், பால்காரர்கள், தபால் பிரிக்கிறவர்கள் என்று ஐம்பது பேருக்கு மேல் ஓட்டினார்கள். தனியாகப் பந்தய சைக்கிள் யாரிடமும் கிடையாது. தினமும் வேலைக்குப் போகிற வண்டியில் மட்கார்டையும் கேரியரையும் கழற்றிவிட்டால் அதுதான் பந்தய சைக்கிள். முதலில் வருகிறவனுக்கு வெள்ளிக் கோப்பை. ஐந்து மணிக்குள் வந்து சேர்கிற அத்தனை பேருடைய பெயரையும் சிலேட்டுப் பலகையில் எழுதி, பாய் கடை முன்னால் ஒரு மாதம் மாட்டி வைப்பார்கள். அவள் புருஷன் ஈஸ்வரமூர்த்திக்குக் கோப்பையின் மேல் ஆசை இருந்ததில்லை. அந்தப் பலகையில் தன் பெயர் இருக்க வேண்டும்.

அவன் மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தான். அவள் அதே மில்லில் ரீலிங். நூலைச் சுற்றிச் சிட்டம் போடுகிற வேலை. எட்டு மணி நேரம் நின்றபடி இழை அறுகிறதா என்று பார்த்துப் பார்த்து, வீட்டிலும் அவள் கண் எதையாவது தேடிக்கொண்டே இருக்கும்.

ஏழே முக்காலுக்கு முதல் ஆள் வந்தான். காற்று பின்னாலிருந்து தள்ள, மிதிக்கிற சிரமமே தெரியாமல் பறந்துபோனான். பின்னாலேயே நாலைந்து பேர் கூட்டமாக. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்த பிள்ளைகள் வேலியோரம் நின்று கூச்சல் போட்டார்கள். மகள் சரசுவும் கூச்சல் போட்டாள். சுப்பாத்தாள் ஒவ்வொருவன் முதுகிலும் குத்தியிருந்த துணியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பதினேழு, நாற்பது, எட்டு. எட்டு மணி ஆயிற்று. அப்புறம்தான் வந்தது அவள் தேடிய முப்பத்தொண்ணு.

காக்கி அரை டவுசர், கசங்கிய பனியன், தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு. அவள் சோற்று உருண்டை கட்டிய துணியை நீட்டியபடி ரோட்டில் இரண்டடி ஓடினாள். பருப்பும் அரிசியும் போட்டுக் குழைய வடித்து, நெய்விட்டுப் பிசைந்து, நாலு உருண்டை. அவன் வேகத்தைக் குறைத்து, இடது கையால் வாங்கி, வாயில் துணி முடிச்சைக் கவ்விக்கொண்டான். ஏதாவது சொல்வான் என்று பார்த்தாள். முடிச்சை வாயிலிருந்து எடுத்து, "வாரேன்" என்றான். அப்புறம் முதுகுதான் தெரிந்தது.

அந்த ஒரு சொல்லை அவள் வெகுநேரம் மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். பத்து மாதமாக அவன் அவளிடம் பேசிய பேச்சையெல்லாம் சேர்த்தால் ஒரு மரக்கால் கூடத் தேறாது.

போன வருடமும் இதே பந்தயம்தான். தையிலிருந்து ஏழு மாதம் பழகியிருந்தான். ராத்திரி ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வராமல் அப்படியே அவிநாசி வரைக்கும் போய்த் திரும்புவான். காபியை விட்டான். பீடியை விட்டான். பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே படுத்தான். "மூணு மணிக்கு எழுப்பி உடு. மறந்துபோடாதே" என்று அவளிடம் மூன்று தடவை சொல்லிவிட்டுப் படுத்தான்.

அவள் தூங்கவே இல்லை. மூன்று மணிக்கு எழுப்பப் போய்த் தோளைத் தொட்டவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். உடம்பு கொதித்தது. இரண்டு நாளாகவே அவனுக்குச் சாப்பாடு இறங்காமல் இருந்ததும், தலைவலி என்று சொல்லிவிட்டு அதையே மழுப்பியதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சுப்பாத்தாளின் அப்பன் இதே விஜயமங்கலத்தில் காய்ச்சலோடு கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கப் போனவர். மீதிக் காட்டுக்கும் தண்ணீர் பாய்ந்து முடியட்டும் என்று நின்றவர் வாய்க்கால் ஓரத்திலேயே விழுந்து, மூன்றாம் நாள் போய்ச்சேர்ந்தார். அவளுக்கு அப்போது பதினோரு வயது. அவள் அவனை எழுப்பாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணி மில் சங்கு ஊதியது. அவன் புரண்டுகூடப் படுக்கவில்லை.

ஆறு மணிக்குக் கண் திறந்தவன் வெளிச்சத்தைப் பார்த்ததும் அலறிக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினான். நீலம்பூர் தாண்டவில்லை. காய்கறி வண்டிக்காரன் ஒருவன் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் கிடத்திக் கொண்டுவந்து சேர்த்தான். அதற்கப்புறம் இருபத்தேழு நாள் விஷக்காய்ச்சல். பார்லித் தண்ணியும் மாத்திரையும்தான் ஆகாரம். தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. எழுந்து உட்கார்ந்தபோது கழுத்தெலும்புக் குழியில் ஆழாக்குத் தண்ணீர் நிற்கும் போலிருந்தது. "நல்லவேளை, அதுக்கு மேல ஓட்டாமப் போனாரு. குடல் பொத்துட்டுப் போயிருக்கும்" என்றார் டாக்டர். ஈஸ்வரமூர்த்தி அதை நம்பவில்லை.

"ஒடம்பு அசதியிலதான் காச்சல் வந்துச்சு. முழுசா ஓட்டியிருந்தா வேர்வையோட போயிருக்கும். நாந்தான் பொணமாட்டத் தூங்கிப்போட்டேன்" என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொன்னான். லைன் வீடுகளில் ஆளுக்கு ஆள் கேலி வேறு. "கவுண்டரே, ஈரோட்டுக்குக் கனவுலயே போயிட்டு வந்துட்டீங்களாமா?"

ஐப்பசியில் ஒருநாள் அவள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டாள்.

"நீங்க தூங்கிப்போகலீங்க. நாந்தான் எழுப்பலை."

அவன் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "மறந்துபோட்டியா?"

"மறக்கலீங்க. தொட்டுப் பாத்தேன். அனலாட்ட இருந்துச்சு. எழுப்ப மனசு வல்லை."

"எழுப்பி, காச்சலடிக்குது, போகாதீங்கன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா நின்னிருப்பீங்களா?"

அவன் வாயைத் திறந்தான். நிற்பேன் என்றும் சொல்ல முடியவில்லை, நிற்க மாட்டேன் என்றும் சொல்ல முடியவில்லை. கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "அது என்னோட முடிவு புள்ள. போறதோ நிக்கறதோ, நான் எடுக்கோணும். அதை நீ எடுத்துப்போட்டே" என்றான். அவ்வளவுதான். அடித்திருந்தால்கூட அவள் அழுது முடித்திருப்பாள்.

அதிலிருந்து அவன் தூக்கம் போயிற்று. ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் தானாக எழுந்து உட்கார்ந்துகொள்வான். எழுப்புவதற்கு இனி யாரையும் நம்புவதில்லை என்று ஆகிவிட்டது. சாப்பிடும்போது முழங்கால் ஆடும். சம்பள வரிசையில் நிற்க முடியாமல் வரிசையைச் சுற்றிச் சுற்றி வருவான். சைக்கிள் மட்டும் வீட்டு விட்டத்தில் தலைகீழாகத் தொங்கியது. அதை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டான்.

மார்கழியில் நாகூர் மீரான் வந்து அதை அவிழ்த்துக்கொண்டு போனார். "செயின் துரு ஏறிப்போச்சு கவுண்டரே. ஓட்டுனா ஓட்டுங்க, ஓட்டாட்டிப் போங்க. இரும்பைப் பட்டினி போட்டா எனக்குப் பொறுக்காது" என்றார். பொங்கலுக்கு மறுநாள் ஈஸ்வரமூர்த்தி அதில் ஏறிச் சிங்காநல்லூர் வரைக்கும் போனான். இரண்டரை மைல். திரும்பி வரும்போது தள்ளிக்கொண்டு வந்தான். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. மறுநாள் மறுபடியும் போனான். அன்றைக்குக் கொஞ்ச தூரம்தான் தள்ளினான். மாசியில் சூலூர். சித்திரை வெயிலில் கருமத்தம்பட்டி. அவள் வட்டிலில் ஒரு முட்டை கூடுதலாக வைப்பாள். கொள்ளு கடைந்து வைப்பாள். அவன் ஒன்றும் கேட்காமல் தின்றுவிட்டு எழுந்துபோவான்.

ஆடி பிறந்ததும்தான், "விசயமங்கலத்துல உங்கண்ணன் ஊட்டுக்கு முன்னால நிக்க முடியுமா? கஞ்சி குடுக்க ஆளு வேணும்" என்றான். கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தான். அவள் அன்றைக்கே மேஸ்திரியிடம் மூன்று நாள் லீவு சொன்னாள்.

ஈரோட்டிலிருந்து முதல் ஆள் பத்தரைக்கெல்லாம் திரும்பிவிட்டான். ஆனால் போகும்போது பறந்தவன் இப்போது கைப்பிடியின் மேல் படுத்துக்கொண்டு, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தான். காற்று அத்தனையும் நேர் முகத்தில். அடுத்தடுத்து வந்தவர்களும் அப்படித்தான். ஒருவன் புளியமரத்தடியில் சைக்கிளோடு சாய்ந்து உட்கார்ந்து, எழுந்திருக்கவே இல்லை. கருப்புசாமிதான் அவனுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, மேற்கே போகிற மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டான்.

பதினொன்று ஆயிற்று. பதினொன்றரை ஆயிற்று. கஞ்சி ஆறிப்போய், சுப்பாத்தாள் அதைக் கொண்டுபோய்ச் சூடு பண்ணிக் கொண்டுவந்து, அதுவும் ஆறிப்போயிற்று. முதுகில் நம்பரோடு வருகிறவனிடமெல்லாம், "ஏனுங்க, முப்பத்தொண்ணு வாராருங்களா?" என்று கேட்டாள். ஒருவன் பின்னால் கையைக் காட்டினான். இன்னொருவனுக்குப் பேசவே மூச்சில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஈஸ்வரமூர்த்தி வந்தான். சைக்கிளில் வரவில்லை. தள்ளிக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து வந்தான். முட்டியில் ரத்தம் காய்ந்திருந்தது. பனியன் முன்பக்கமெல்லாம் வாந்தி.

"அடக் கெரகமே!" என்று ஓடிய கருப்புசாமி சைக்கிளைப் பிடித்துக்கொண்டான். "மாப்பிள்ளை, போதுமுங்க. வாங்க, கட்டில்ல சாயுங்க. பொழுதோட பஸ்ஸுல அனுப்பி உடறேன்."

ஈஸ்வரமூர்த்தி சைக்கிளை விடவில்லை. ரோட்டையே பார்த்தபடி நின்றான். தொடை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது.

"அம்மணி, நீ சொல்லு. சீக்குல கெடந்து எந்திரிச்ச ஒடம்பு. நீ சொன்னாத்தான் கேப்பாரு" என்றான் கருப்புசாமி.

அவன் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தான்.

"என்ன புள்ள சொல்றே?"

சுப்பாத்தாள் கஞ்சிச் சொம்பைக் கீழே வைத்தாள். நில்லுங்கள் என்று சொல்லத்தான் நாக்குத் துடித்தது. சொன்னால் நின்றுவிடுவான். அந்தக் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. நின்றுவிட்டு, அதற்கப்புறம் சாகிற வரைக்கும் அவளிடம் ஒன்றும் கேட்க மாட்டான். போங்கள் என்று சொல்லி, வழியில் அப்பன் மாதிரி எங்கேயாவது விழுந்துவிட்டால்?

"உள்ள காச்சல் அடிக்குதுங்களா? பொய் சொல்லாதீங்க" என்றாள்.

"இல்லை."

"பின்ன வாந்தி எதுக்கு?"

"ஈரோட்டுல கலர் சோடா குடுத்தாங்க. வெறும் வவுத்துல குடிச்சுப்போட்டேன். சோத்து உருண்டை அப்பவே தீந்துபோச்சு."

"தலை சுத்துதுங்களா?"

"அப்பச் சுத்துச்சு. இப்ப இல்லை. தொடைச் சதை புடிச்சுக்கிச்சு. பெருந்துறைகிட்ட ஒரு நாயி குறுக்க வந்து உழுந்துபோட்டேன். அவ்வளவுதான். வேறொண்ணுமில்லை." பத்து மாதத்தில் அவன் ஒரே மூச்சில் அவளிடம் இத்தனை பேசியதில்லை.

"உக்காருங்க" என்றாள்.

வேலியோரம் கல்லில் உட்கார வைத்தாள். உப்புப் போட்ட கஞ்சியில் மோர் ஊற்றிக் கொடுத்தாள். ஒரு சொம்பு குடித்தான். இன்னும் ஒரு சொம்பு ஊற்றினாள். அண்ணன் மனைவியிடம் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, ரோட்டோரம் மண்டி போட்டு அவன் தொடையை நீவத் தொடங்கினாள். டீக்கடையில் நின்றவர்கள் பார்த்தார்கள். "என்ன அம்மணி இது, நாலு பேரு பாக்கறாங்க" என்று கருப்புசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் கை நிற்கவில்லை. கட்டி கட்டியாக இருந்த சதை கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான்.

எழுந்து காலை உதறினான். மறுபடியும் அவளைப் பார்த்தான்.

"போயிட்டு வாங்க" என்றாள் சுப்பாத்தாள். "அவிநாசியில எறங்கி ரெண்டு நிமிசம் நில்லுங்க. மறுக்காவும் வாந்தி வந்தா அதுக்கு மேல ஓட்டக்கூடாது. அது ஒண்ணுதானுங்க நான் சொல்றது. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

அவன் தலையை ஆட்டினான். சைக்கிளில் ஏறினான். முதல் மிதிக்கே காற்று அவனை ஒரு பக்கமாகச் சாய்த்தது. நிமிர்ந்து மிதித்தான். கருப்புசாமி, "ரெண்டு பேருக்கும் கிறுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுக் கடலைக்காட்டுக்குள் இறங்கிப் போய்விட்டான்.

அவளால் அந்த வீட்டில் உட்கார முடியவில்லை. சோறு போட்டால் கையளைந்துவிட்டு எழுந்தாள். தறியில்லாத ஊரில் எங்கேயோ தறி ஓடுகிற மாதிரி காதுக்குள் சத்தம் கேட்டது. ஒன்றே முக்காலுக்கு, "சரசு இங்க இருக்கட்டுமுங்ணா. நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு, ஈரோட்டிலிருந்து வந்த கோயமுத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

பஸ்ஸிலும் அவள் உட்காரவில்லை. இடமிருந்தும் டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செங்கப்பள்ளியில் பஸ் நின்றபோது ரோட்டோரம் ஒருவன் சைக்கிளைப் போட்டுவிட்டுக் குப்புறப் படுத்திருந்தான். அவள் குனிந்து முதுகைப் பார்த்தாள். நம்பர் இருபத்திரண்டு. அவிநாசியில் வாழைத்தார் ஏற்றக் கால்மணி நேரம் ஆனது. அங்கே தேர்முட்டி வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். இல்லை. அப்படியானால் தாண்டிவிட்டான்.

"ஏனுங்கம்மணி, ஆரைத் தேடறீங்க?" என்றார் கண்டக்டர்.

"எங்கூட்டுக்காரரு பந்தயத்துல ஓட்டறாருங்க."

"கொடி அசைச்ச பந்தயங்களா? அதுல முதல் ஆளெல்லாம் ரெண்டு மணிக்கே ஊடு போயிச் சேந்திருப்பாங்களே!"

"இவரு முதல் ஆளில்லீங்க" என்றாள்.

கருமத்தம்பட்டி தாண்டியதும் அவள்தான் முதலில் பார்த்தாள். வெட்டவெளி. இரண்டு பக்கமும் பருத்திக்காடு. நடுவில் தார்ரோட்டில் ஒற்றை ஆளாக, சைக்கிள் நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாத வேகத்தில் முப்பத்தொண்ணு போய்க்கொண்டிருந்தது. தலைத்துண்டு எங்கேயோ பறந்துவிட்டிருந்தது. புதிதாக முளைத்த மயிர் காற்றில் கோழிக்குஞ்சு மாதிரி சிலிர்த்து நின்றது. ஒவ்வொரு மிதிக்கும் உடம்பு முழுக்க வலதும் இடதுமாகச் சாய்ந்து எழுந்தது.

"அவருங்களா?" என்றார் கண்டக்டர். பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். "பாவமுங்க, எதுக்குச் சங்கடம்? வண்டியை நிறுத்தச் சொல்றேன். சைக்கிளை மேல ஏத்திக்கலாம். வாழைத்தாருக்குப் பக்கத்துல எடமிருக்குது. டிக்கெட்டு கூட வேண்டாமுங்க."

"ஏத்திக்குங்க அம்மணி, பதினோரு மைலு இருக்குது இன்னும்" என்றார் ஒரு பெரியவர்.

"வேண்டாமுங்க" என்றாள் சுப்பாத்தாள். "அவரு கேட்டா ஏத்தலாம். நானா ஏத்தக்கூடாது."

டிரைவருக்கு என்ன தோன்றியதோ, அவனைத் தாண்டிப்போய் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். பஸ் அவனுக்கு முன்னால், அவன் வேகத்துக்கே உருண்டது. பஸ்ஸின் மறைப்பில் காற்று அடங்கியது. ஈஸ்வரமூர்த்தியின் கால்கள் திடீரென்று சுலபமாகச் சுற்றின. குனிந்த தலை நிமிரவில்லை. எதனால் சுலபமாயிற்று என்பதுகூட அவனுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. "அப்படித்தான்! அப்படித்தான்!" என்று பஸ்ஸுக்குள் கைதட்டினார்கள். சுப்பாத்தாள் கூட்டத்தை இடித்துக்கொண்டு பின் கண்ணாடிக்கு வந்தாள்.

இரண்டு பர்லாங்கு அப்படியே வந்திருப்பான். அப்புறம் தலையைத் தூக்கினான். முன்னால் பஸ்ஸின் முதுகையும், கண்ணாடியில் அவள் முகத்தையும் பார்த்தான். ஒரு கணம் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் கைப்பிடியைத் திருப்பி ரோட்டின் வலது பக்கமாக ஒதுங்கினான். காற்று அவனை அறைந்து சைக்கிள் ஒரு முழம் விலகியது. கீழே விழாமல் சமாளித்துக்கொண்டு ஒரு கையை எடுத்து, போகச் சொல்லி அசைத்தான். முகத்தில் கோபமில்லை.

"போகச் சொல்லுங்க" என்று கத்தினாள் சுப்பாத்தாள். "டிரைவரண்ணா, போங்க! வேகமாப் போங்க!"

பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்தது. பின் கண்ணாடியில் அவன் சின்னதாகி, சின்னதாகி, புழுதிக்குள் போனான்.

பீளமேட்டு மைதானத்தில் பாதிப் பேர் கலைந்து போயிருந்தார்கள். கோப்பை வாங்கியவனை மாலையோடு கூட்டிக்கொண்டு போயாகிவிட்டது. மேசை மட்டும் இருந்தது. நாகூர் மீரானும், கைக்கடிகாரம் கட்டிய இன்னொருவரும். சிலேட்டுப் பலகையில் பத்தொன்பது பெயர்.

"கவுண்டரைக் கடைசியா எங்க பார்த்தீங்க அம்மா?" என்றார் நாகூர் மீரான்.

"கருமத்தம்பட்டி தாண்டிங்க. மூணரை மணி இருக்கும். பெருந்துறைகிட்ட நாயி குறுக்க வந்து உழுந்துட்டாருங்க."

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்து, தாடியைத் தடவிக்கொண்டார். அவள் மைதானத்து வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தாள். ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒருவன் வந்து இருபதாவது பெயராக எழுதிக்கொண்டான். ஐந்து மணிக்குக் கடிகாரக்காரர் நோட்டை மூடினார். கொடியைச் சுருட்டினார்.

"கொஞ்ச நேரம் இருங்கண்ணே" என்றார் நாகூர் மீரான்.

"சட்டம்னா சட்டம்தான் பாய். போன வருசம் மூணு நிமிசத்துல ஒருத்தனை எடுத்துக்கலை. இந்த வருசம் எப்படி எடுக்கிறது?"

ஐந்து மணி ஒன்பது நிமிடத்துக்கு ஈஸ்வரமூர்த்தி மைதானத்துக்குள் வந்தான். மேசை வரைக்கும் மிதித்தே வந்தான். காலைத் தூக்கி இறங்க முடியவில்லை. நாகூர் மீரான் ஒரு பக்கமும் சுப்பாத்தாள் ஒரு பக்கமும் பிடித்து, சைக்கிளை அவனிடமிருந்து உருவி எடுத்தார்கள். அவன் மண்ணிலேயே காலை நீட்டி உட்கார்ந்தான். உதடு வெடித்து உப்புப் பூத்திருந்தது.

"ஒம்பது நிமிசம்! ஒம்பதே நிமிசம்! நாய் குறுக்க வந்து உழுந்திருக்காரு மனுசன். அதுக்குத் தள்ளுபடி கெடையாதா?" என்று நாகூர் மீரான் கடிகாரக்காரரிடம் பாய்ந்தார்.

"உடுங்க பாய்" என்றான் ஈஸ்வரமூர்த்தி. "எழுத வேண்டாமுங்க. ரெண்டு பர்லாங்கு பஸ்ஸுக்குப் பின்னால காத்துப் படாம வந்துபோட்டேன். அஞ்சு மணிக்குள்ள வந்திருந்தாலும் நானே சொல்லியிருப்பேன்."

கடிகாரக்காரர் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சுப்பாத்தாள் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். பாதியைக் குடித்து, பாதியைத் தலையில் ஊற்றிக்கொண்டான்.

"பஸ்ஸை நீயா மெதுவாப் போகச் சொன்னே?"

"இல்லீங்க. டிரைவரேதான்."

"அதானே." முட்டியில் காய்ந்திருந்த ரத்தத்தை ஈரக் கையால் துடைத்தான். "போன வருசம் நீ எழுப்பி உட்டிருந்தாலும், அந்தக் காச்சலோட அவிநாசி கூடத் தாண்டியிருக்க மாட்டேன் சுப்பா. நல்ல ஒடம்புக்கே இன்னைக்கு இந்தப் பாடு."

அவளுக்குக் கண் நிறைந்தது. "எழுப்பிச் சொல்லியிருக்கோணுமுங்க. தப்புத்தான்" என்றாள்.

"ஆமா. சொல்லியிருக்கோணும்" என்றான் அவன். அதை அதற்கு மேல் இழுக்கவில்லை.

எழுந்து நிற்கப் பார்த்து முடியாமல், அவள் தோளில் கை வைத்து எழுந்தான். நின்றவன் நிற்காமல் இரண்டடி இந்தப் பக்கமும் இரண்டடி அந்தப் பக்கமும் நொண்டி நொண்டி நடந்தான். சைக்கிளின் பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தான்.

"சக்கரத்துல ஒரு கம்பி அறுந்துபோச்சு பாய். நாளைக்குக் கட்டிக் குடுத்துருங்க."

"நாளைக்கேவா? படுத்து எந்திரிங்க கவுண்டரே, ஒரு வாரம் போகட்டும்" என்றார் நாகூர் மீரான். மேசையை மடக்கியவர், சொல்லலாமா வேண்டாமா என்று சுப்பாத்தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார். "தை மாசம் பொள்ளாச்சிக்காரங்க ஒண்ணு நடத்தறாங்க. பொள்ளாச்சி, உடுமலை, பழனி போயித் திரும்பறது."

ஈஸ்வரமூர்த்தி சுற்றுகிற சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினான்.

சுப்பாத்தாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எத்தனை மைலுங்க பாய்?" என்றாள்.